இடுப்பில் கட்டிய பொன்னாடை

கிட்ட வந்து உட்காருங்க அம்மிணி. இன்னும் கொஞ்சம். இந்த பஸ் போடுகிற சத்தத்தில் நான் கத்திப் பேசினால் முன்சீட்டுக்காரன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அவனுக்குச் சொல்கிற கதை இல்லை இது. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்க. ஆமா, உங்கள் கையில் இருக்கிற கல்யாணப் பத்திரிகையைத்தான் பார்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்த மண்டபத்துப் பேரை மட்டும் தலைகீழாகப் பிடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பொன்னுரங்கம் மஹால். கல்யாணம் அங்கேயா?

போங்க, நன்றாக இருக்கட்டும். சாப்பாடு நன்றாகவே போடுவார்கள். ஒன்று மட்டும். உள்ளே நுழைகிறபோது இடது பக்கம், சந்தனக் கிண்ணம் வைக்கிற மேசைக்கு மேலே ஒரு பெரிய போட்டோ இருக்கும். ஆள் முகம் தெரியாது. சட்டத்தைச் சுற்றி ஒரே ஜரிகைத் துணியாகத் தொங்கும். ஏதோ துணிக்கடை விளம்பரம் என்று நினைத்துப் போய்விடாதீங்க. அது எங்கள் வீட்டுக்காரர். அவங்க முகம் ஏன் மூடிக்கிடக்கிறது என்று சொல்கிறேன். நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. சீ!

அந்த மண்டபத்தைக் கட்டினது இரண்டு பேர். எங்கள் வீட்டுக்காரர் ஒன்று. அவங்க தம்பி பொன்னுரங்கம், என் கொழுந்தனார், இன்னொன்று. இவங்க வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணி விட்டார்கள். தம்பி நிழலில் நின்று கை காட்டினார். கட்டி முடித்தபோது வாசல் கல்லில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது.

"ஏனுங் தம்பி, அண்ணன் பேரு எங்கே?" என்று கேட்டேன்.

"நங்கையா, ஒத்தப் பேரா இருந்தாத்தான் சனங்க மனசுல நிக்கும்" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கெட்டிக்காரர் அம்மிணி. ஊரே சொல்லும், பொன்னுரங்கம் கெட்டிக்காரன் என்று.

திறப்பு விழாவுக்கு ஒரு மந்திரி வந்தார். கொழுந்தனார் வேட்டி மாற்றிக்கொண்டு வருவதற்குள் மந்திரிக்கு அவசரம். வாசலில் நின்றவர் எங்கள் வீட்டுக்காரர்தான். சுண்ணாம்புக் கையோடு நின்றவங்க தோளில் மந்திரி பொன்னாடையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மாம்பழ நிறத்தில் பட்டு. அவங்க பிறந்ததிலிருந்து தோளில் ஏறின ஒரே பட்டு அதுதான். அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார்கள். போன பிறகு போட்டோவை மாட்டி, அந்தப் பொன்னாடையை நான்தான் சாத்தினேன். மாலை வாடும், மாற்றுவேன். துணியை மாற்றமாட்டேன். மண்டபத்துப் பின்கட்டில் ஒரு அறை எனக்கு. சாவி என்னிடம். பாத்திரம் எண்ணி வைப்பது, கூட்ட ஆள் விடுவது எல்லாம் நான். விசேஷம் நடக்கிறபோது மட்டும் முன்பக்கம் வரமாட்டேன். தாலியறுத்தவள் எதற்கு முன்னால் நிற்பது? கொழுந்தனார் சொல்லவில்லை, நானே வருவதில்லை. சொல்லியும் இருக்கிறார், ஒரு தடவை.

சரி, பாட்டுக் கச்சேரிக்கு வருகிறேன்.

திருப்பூரில் பனியன் வாங்க நைஜீரியாக்காரர்கள் வருவார்கள் இல்லையா? காதர்பேட்டையில் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்களே. அதில் ஒருத்தன் கபேயா. பதினைந்து வருஷமாக இங்கேதான் கிடக்கிறான். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். ஒரு நாள் மண்டபம் கேட்டு வந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்களுக்கு மண்டபம் வேணுங்க. எங்க ஊருல பெரிய பாட்டுக்காரர் வர்றாருங்க. ஆட்டப் பாட்டு. எங்கம்மா கல்யாணத்துல அவர் பாட்டுக்குத்தான் எல்லாரும் ஆடுனாங்களாம்."

"நைஜீரியாவிலிருந்தா?"

"காங்கோங்க அக்கா. நானும் காங்கோதானுங்க. எத்தன தடவ சொல்றது?"

எந்த ஊராக இருந்தால் என்ன, நைஜீரியாக்காரன் நைஜீரியாக்காரன்தானே. பாட்டுக்காரர் பேரைக் கேட்டேன். பாப்பா லிசோம்பே என்றான். எழுபத்தைந்து வயசுக் கிழவனுக்குப் பாப்பா என்று பேர்! அவர்கள் ஊரில் அப்பாவைத்தான் அப்படிச் சொல்வார்களாம்.

கொழுந்தனார் யோசித்தார். அவர் அப்போது பனியன் சங்கத்துத் தலைவர் பதவிக்கு அலைந்துகொண்டிருந்தார். வெளிநாட்டுப் பாட்டுக்காரர், கேபிள் டிவி, கூட்டம். கெட்டிக்காரருக்குச் சொல்ல வேண்டுமா? மண்டபம் தருகிறேன், ஆனால் கச்சேரிக்கு முன்னால் என் தலைமையில் வரவேற்பு விழா என்றுவிட்டார். மறுநாளே வாசலில் பிளெக்ஸ் கட்டியாயிற்று. ஆளுயரத்துக்குக் கொழுந்தனார் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மூலையில் ஒரு கொய்யாக்காய் அளவுக்குக் கிழவனுடைய தலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கிழவனைக் கொண்டுவந்து மணப்பெண் அறையில் உட்காரவைத்தார்கள். பார்த்ததும் எனக்கு அருவருப்பாகிவிட்டது. சாரைப்பாம்புத் தோல் மாதிரி பளபளவென்று ஒரு கால்சட்டை. கழுத்தில் சங்கிலி. மயிரெல்லாம் மை பூசின கறுப்பு. இரண்டு முட்டியும் வீங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறான். இவனா ஆடப்போகிறான்? கிழவனுக்குக் காரம் ஆகாது என்றான் கபேயா. தயிர்சோறு பிசைந்து கொடுத்தேன். வழித்துத் தின்றுவிட்டு எலுமிச்சை ஊறுகாய் கேட்டான். காரம் ஆகாதாம்! அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

"என்ன சொல்றான்?"

"அவங்கம்மா கையில சாப்பிட்ட மாதிரி இருக்குன்னு சொல்றாருங்க."

எனக்கு அவனைவிட ஏழு வயசு குறைச்சல். அம்மாவாம்!

சும்மா உட்கார்ந்திருக்கிறபோது கபேயா அவர்கள் வழக்கத்தைச் சொன்னான். அவர்கள் பாட்டில், பாடிக்கொண்டே இருக்கிறபோது நடுவில் ஆள் பேரைப் போட்டுப் பாடுவார்களாம். யார் என்ன கொடுத்தார்களோ அவர்கள் பேரை.

"சபை முன்னால குடுத்து, பேரும் பாடியாச்சுன்னா அப்புறம் அது திரும்பிப் போகாதுங்க அக்கா. குடுத்தது குடுத்ததுதான்."

நம் ஊர் மாதிரிதான் இருக்கிறது என்றேன். அப்படித்தான் நினைத்தேன். என் கொழுந்தனார் அதற்குள் போட்டுவைத்திருந்த திட்டம் எனக்கு முழுசாகத் தெரியாது.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. ஆம்பிளை பொம்பிளை எல்லாம் என்னமாய் உடுத்தியிருந்தார்கள் என்கிறீங்க! ஒவ்வொருத்தியும் தேர் மாதிரி. பாட்டு தொடங்கப்போகிறது என்று நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள். மேடையில் பார்த்தால் நம்முடைய ஆட்கள் பன்னிரண்டு பேர் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் கிழவன். கொழுந்தனார் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. ஆப்பிரிக்காவுக்கும் திருப்பூருக்கும் உள்ள தொடர்பு என்றார். பின்னலாடை என்றார். தன் வாழ்க்கை வரலாறு என்றார். கூட்டத்துக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. பாவம், மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் கால்மணி நேரம் எச்சாகப் பேசினார். நான் சமையல்கட்டுக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்புறம் பொன்னாடை. பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று போர்த்த வேண்டும். கொழுந்தனார் வாங்கினது எத்தனை தெரியுமா? இரண்டு. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. அதையும் நான்தான் இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தேன். மிச்சம் காரில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மிச்சமே இல்லை அம்மிணி! டிரைவர் மயில்சாமி கிழவனுடைய நாற்காலிக்குப் பின்னால் குந்தியிருக்கிறான். ஒருத்தர் சிவப்பைப் போர்த்தி, போட்டோ எடுத்து, நகர்ந்ததும் மயில்சாமி பின்னாலிருந்து மெல்ல உருவி, மடித்து, திரைக்குப் பின்னாலேயே சுற்றிப்போய் அடுத்தவர் கையில் கொடுக்கிறான். அதற்குள் பச்சை ஏறுகிறது. கிணற்று ராட்டினம் மாதிரி ஒன்று ஏற ஒன்று இறங்க. போர்த்துகிறவருக்குத் தன்னுடையது மட்டும்தான் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. எத்தனை மானங்கெட்ட வேலை பாருங்க. விருந்தாளிக்கு ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குவது!

ஆறு பேர் ஆயிற்று. ஏழாவது ஆள் சிவப்பைப் போர்த்தினார். மயில்சாமி கை நீட்டினான். கிழவன் சிவப்பை எடுத்து, எழுந்து நின்று, நிதானமாக இடுப்பைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். கூட்டம் 'ஓ' என்று கத்தியது. அவர்கள் ஊரில் ஆடுகிறவர்கள் இடுப்பில் துணி கட்டிக்கொண்டுதான் ஆடுவார்களாம். எனக்கு அப்போது தெரியாது. பட்டை இடுப்பில் கட்டுகிறானே என்று பதறிப்போனேன். எட்டாவது ஆள் பச்சையைப் போர்த்தினார். அதையும் கட்டிக்கொண்டான். மயில்சாமி பின்னாலிருந்து இழுக்கிறான். கிழவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈ ஓட்டுகிற மாதிரி அவன் கையில் ஒரு போடு.

கொழுந்தனார் மைக்கில், "அடுத்ததாக, ஸ்பின்னிங் மில் உரிமையாளர் செங்கோடன் அவர்கள் பொன்னாடை போர்த்தி..." என்று சொல்லிவிட்டுப் பார்க்கிறார். பொன்னாடை இல்லை. செங்கோடன் வெறுங்கையோடு நிற்கிறார். சங்கத்தில் பாதி ஓட்டு அவர் கையில். "கொடை வள்ளல், கல்வித் தந்தை, செங்கோடன் அவர்கள்..." என்று இல்லாத பட்டமெல்லாம் சேர்த்து இழுத்துப் பார்த்தார். அப்புறம் மைக்கை இன்னொருத்தன் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினார். எங்கே ஓடுகிறார் என்று பார்த்தால், வாசலுக்கு.

திரும்பி வந்தபோது கையில் மாம்பழ நிறம்.

"தம்பி! அது அண்ணன் போட்டோவுல இருந்ததுங்க!"

"ரெண்டே நிமிசம் நங்கையா. அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரு."

என்னைத் தாண்டிப் போய்விட்டார். செங்கோடன் அதைக் கிழவன் தோளில் போர்த்தினார். கிழவன் அதையும் எடுத்து, இரண்டுக்கும் மேலே, இடுப்பில் கட்டினான்.

நீங்களே சொல்லுங்க அம்மிணி. செத்தவர் மேல் கிடந்த துணியை உருவினவனை என்ன செய்வது? அதை வாங்கி இடுப்பில் கட்டினவனை என்ன செய்வது? அந்த நேரம் பார்த்து, கபேயா பொறுக்கமாட்டாமல் பாட்டுக்காரர்களுக்குக் கையைக் காட்டிவிட்டான். மீதிப் பேர் போர்த்தாமலேயே பாட்டு தொடங்கிவிட்டது.

நான் கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை பார்த்தவள். நாற்பது தையல் மிஷின் ஒரே மூச்சில் எடுக்கிற சத்தம் எனக்குத் தெரியும். அவர்கள் கிட்டார் அப்படித்தான் இருந்தது. ஒன்று ஓடும், ஒன்று அதன் மேலேயே பின்னிக்கொண்டு போகும், மூன்றாவது ஒன்று நடு நடுவே பொத்தான் தைக்கிற மாதிரி டக், டக். கிழவன் மைக்கை வாங்கிப் பாடினான். குரல் கிழடில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணி நிறைந்த தவலையைத் தட்டினால் வருமே, அப்படி. ஆனால் ஆட்டம்! சீச்சீ. முட்டி மடங்கவில்லை, அதனால் கால் அசையவில்லை. இடுப்பு மட்டும், சின்னதாக, அரைக்கிற மாதிரி ஒரு சுற்று. அவ்வளவுதான். அதற்கே கூட்டத்துப் பொம்பிளைகள் தலையில் கை வைத்துக்கொண்டு அலறுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் வீட்டுக்காரருடைய ஜரிகை விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. நான் கண் கொட்டாமல் பார்த்தேன். துணி கிழிந்துவிடுமோ என்று.

பொறுக்கமாட்டாமல் நடந்தேன். நடுவழியில், சனத்தைப் பிளந்துகொண்டு. அந்த மண்டபத்தில் விசேஷத்தின்போது நான் முன்வரிசை தாண்டினது அதுதான் முதல் தடவை. மேடைக்குக் கீழே நின்று, "துணியைக் கொடுடா!" என்று கத்தினேன். கிழவன் சிரித்துக்கொண்டு எனக்கும் ஒரு சுற்று ஆடிக் காட்டினான்.

கபேயா ஓடிவந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"குடுத்ததில்லையா? எடுத்துட்டு வந்ததா? அப்ப யாரோடதுன்னு அவர்கிட்டச் சொல்லணுங்க அக்கா. இப்பப் பேரு பாடப் போறாரு. பாடிட்டா முடிஞ்சது. உங்க வீட்டுக்காரர் பேரு என்னங்க?"

நான் எப்படி அம்மிணி சொல்வேன்? தாலி கட்டின நாளிலிருந்து அவங்க பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். வாசல் பக்கமாகக் கையைக் காட்டினேன், போட்டோ அங்கே இருக்கிறது என்று. அவன் வாசல் கல்லை நினைத்துக்கொண்டான். தினமும் போகிற வழியில் பார்க்கிற கல்தானே, கொழுந்தனாரை அவனுக்கு முதலாளி என்று மட்டும்தான் தெரியும்.

"பொன்னுரங்கமா?" என்றான். நான் ஐயோ என்பதற்குள் மேடையில் ஏறிக் காதில் சொல்லிவிட்டான்.

கிழவன் பாடிவிட்டான். "பொன்னுரங்க... பொன்னுரங்க..." கூட்டம் திருப்பிப் பாடுகிறது. கிட்டார் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. மேடையில் கொழுந்தனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு கையும் தலைக்கு மேலே கும்பிட்டபடி, அபிஷேகத்துக்கு நிற்கிற சாமி மாதிரி. அண்ணன் தோள் துணியை எடுத்துக் கொடுத்ததற்கு அவருக்குப் பாட்டு! கல்லிலும் அவர் பேர், பிளெக்ஸிலும் அவர் பேர், எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிற பாட்டிலும் அவர் பேர்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேடையில் நின்றேன். மாம்பழ நிறத்தைப் பிடித்துக்கொண்டு, "இது அவருது இல்லை!" என்றேன். கிழவன் பாட்டை நிறுத்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்தினான். கொழுந்தனாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று கேட்காதீங்க. ஒரு தடவை சொன்னது போதும். பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். குறைய இனிமேல் என்ன இருக்கிறது? ஆனால் சொல்லி முடித்ததும் என் காது அடைத்துக்கொண்டது. திறந்தபோது மண்டபம் முழுக்க அந்தப் பேர்தான். தேர் மாதிரி உடுத்தின பொம்பிளைகள், மூட்டை தூக்குகிற பையன்கள், எல்லோரும். நாலு எழுத்தை நாற்பது விதமாகப் பாடினார்கள். கிழவன் அதை மேலே கொண்டுபோய் நிறுத்தி, கிட்டார் இறங்க இறங்க ஒவ்வொரு படியாகக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். என்ன பழக்கம் இது! செத்த மனுஷனுடைய பேரை வைத்து ஆடுவதா? எனக்கு அருவருப்பில் உடம்பெல்லாம் நடுங்கியது. 'ராமாத்தாக்கா ஆடினாங்க, நான் கேபிள்ல பார்த்தேன்' என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பொய். மேடை பலகை, அம்மிணி. பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்தால் பலகை ஆடும். பலகை ஆடினால் நிற்கிறவளும் ஆடத்தானே செய்வாள்? முந்தானையை இடுப்பில் சொருகினது வேர்வைக்காக.

கச்சேரி முடிந்தது. கிழவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தான். பின்னால் வெள்ளை வேட்டி வரிசை, கேபிள்காரன், கூட்டம். போட்டோ மொட்டையாக நின்றது. கிழவன் நின்றான். மாம்பழ நிறத்தை அவிழ்த்தான், உதறினான், கை நீளம் அவனுக்கு, போட்டோவில் சாத்தினான். சரி, வந்த வரைக்கும் லாபம், துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் நகரவில்லை. சிவப்பை அவிழ்த்தான். அதையும் அதற்கு மேலே சாத்தினான். பச்சையையும் சாத்தினான். வேர்வை நாற்றத்தோடு மூன்றும், முகத்தையே மூடிக்கொண்டு.

செங்கோடனுக்குப் பக்கத்தில் நின்ற லாட்ஜ்காரர் சந்தோஷமாகச் சொன்னார்: "அந்தச் செவப்பு நான் போட்டதுங்க."

"அதெப்படிங்க? செவப்பு நானில்லீங்களா போட்டேன்?" என்றார் நகைக்கடைக்காரர்.

"நானும் செவப்புத்தானுங்களே..." என்றார் இன்னொருத்தர்.

மூன்று பேரும் போட்டோவைப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாக என் கொழுந்தனாரைப் பார்த்தார்கள். மயில்சாமி கார் துடைக்கப் போய்விட்டான். கொழுந்தனார் கை அந்தத் துணிகள் பக்கம் போனது, பாதியில் நின்றது. செத்த அண்ணன் மேலிருந்து, கேபிள்காரன் முன்னால், யாரால் உருவ முடியும்?

இன்றைக்கு வரைக்கும் அது அப்படியே கிடக்கிறது. நீங்கள் கேட்பீங்க, நீயாவது மேலே இரண்டையும் கழற்றக்கூடாதா என்று. ஏணி வேண்டும். ஏணி இருக்கிறது. எனக்கு நேரமில்லை.

கிழவன் கார்க் கதவு வரைக்கும் போனவன் திரும்பினான். சிரித்துக்கொண்டு கொழுந்தனாரை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். கட்டிப்பிடிக்கப்போகிறான், கேபிளில் வரும் என்று கெட்டிக்காரர் முகத்தைத் திருத்திக்கொண்டு முன்னால் போய்க் குனிந்தார். கிழவன் கட்டிப்பிடிக்கவில்லை. அவர் தோளில் கிடந்த மூன்று விரல் ஜரிகைத் துண்டை, சங்கத்துக்கும் பஞ்சாயத்துக்கும் போட்டுக்கொண்டு போவாரே அந்தத் துண்டை, பூப் பறிக்கிற மாதிரி எடுத்தான். உதறினான். இடுப்பைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். சின்னதாக ஒரு சுற்று ஆடிக் காட்டிவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.